கன்ட்ரோல் திசு

பிசினில் உறைந்த திசுவில் இரத்தம் கசியாது. பதினோரு வருஷமாகத் திசு சீவும் பிரின்சிக்கு இது நன்றாகவே தெரியும். இருந்தும், கண்ணாடிக் கத்தி சீவித் தள்ளிய மூன்றாவது சீவலைச் சுற்றி, அது மிதந்த தொட்டித் தண்ணீரில் மெல்லிய சிவப்பு படர்ந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நண்பகல். வெளியே உருக்காலை லாரிகள் உறுமின. ஆய்வகத்துக்குள் பிசின் நெடி தொண்டையைப் பிடித்தது. செல் பெருகும் இடத்தைச் சாயம் பழுப்பாகக் காட்டவேண்டும். சாயம் சரியா என்று பார்க்க, செல் பெருகும் என்று உறுதியாகத் தெரிந்த திசு ஒன்று கூடவே வேண்டும். அதற்குப் பெயர் கன்ட்ரோல். வழக்கமாக எலிக்குடல். அது தீர்ந்து மூன்று வாரம். வாங்கித் தரவேண்டிய இயக்குநர் பரசுராமனுக்கு வாசல் பலகையில் தன் பட்டங்களைப் பொன்னெழுத்தில் அடுக்குவதற்கே நேரம் போதவில்லை.

நாளை ஆடிட். பிரின்சி, போன மாதம் கத்தி பட்டுத் துண்டான தன் இடது மோதிர விரல் நுனியைத்தான் கன்ட்ரோலாகப் பிசினில் வைத்திருந்தாள். யாரிடமும் சொல்லவில்லை. நேற்று நுண்ணோக்கியில் பத்துப் பழுப்புப் புள்ளிகள். இன்று காலை சீவல் முழுக்கப் பழுப்பு.

பரசுராமன் உள்ளே வந்தார். ஒரு கையில் செல்போன்; மறு கை சீவும் இயந்திரத்தின் சக்கரப் பிடியில்.

"வீடியோ ஓடுது, சிரிம்மா. உலகத் தரம்னா இன்னான்னு ஊரே பாக்கட்டும்!"

சுற்றினார். க்ரீச்.

பிரின்சியின் இடது கையுறைக்குள் விரல் சுரீரென்றது.

"வாணாம் சார். நிறுத்துங்க. கை வலிக்குது."

"சுத்துறது நானு, வலி உனக்கா?"

க்ரீச். கையுறை விரலில் சூடாக ஏதோ நிரம்பியது.

"சார், அது என் விரலு சார்!"

அவர் சிரித்தார். திரும்பிப் பார்த்தார். அவள் முழங்கை வழியே இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. பிடியை விட்டார்.

சக்கரம் நிற்கவில்லை.

பாய்ந்து பிடித்தார். அது அவர் மணிக்கட்டைத் திருகி முறித்துக்கொண்டு சுழன்றது. போன் தரையில் விழுந்தது. உலகத் தரம் பேசியவர் நாற்காலிக்கடியில் கிடந்து அலறினார்.

க்ரீச். தண்ணீரில் நகம்.

பிரின்சி வலது கையால், விரல் உறைந்த பிசின் கட்டையைப் பிடுங்கினாள். அசையவில்லை. இத்தனை சீவியும் குறையவில்லை. பெருத்திருந்தது. வெதுவெதுப்பாக இருந்தது. துடித்தது.

க்ரீச். எலும்பு வட்டம்.

க்ரீச்.

கையுறை விரல் வெறுமையாகத் துவண்டது.

க்ரீச்.

தண்ணீரில் அடுத்த சீவல். அதைச் சுற்றி, மயிரிழை கனத்தில், அவளுடைய கல்யாண மோதிரம்.

சக்கரம் உள்ளங்கையை நோக்கிச் சுழன்றது.