வாசலில் நின்றுபோன இருபத்திரண்டு பேர்

மதியம் 1.20.

ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்துப் பெட்டியைத் திறந்து வென்யா உள்ளே கையை விட்டுத் துழாவினாள். தண்ணீர் பாட்டில், கசங்கிய வரைபடம், ஒரு கட்டு வாந்திப் பைகள். நீலப் பையை மட்டும் காணோம்.

நீலப் பைக்குள் இருபத்திரண்டு பேரின் அடையாள அட்டைகள் இருந்தன. அட்டை இல்லையென்றால் சியான் நகரத்தில் நகர முடியாது. பழங்காலச் சுடுமண் வீரர் சிலைகள் இருக்கும் வளாகத்தின் வாசலில் ஒவ்வொருவரும் தன் அட்டையை இயந்திரத்தின் மேல் வைத்தால்தான் கம்பிக் கதவு திறக்கும். நாளைக் காலை பெய்ஜிங் ரயிலுக்கும் அதே கதைதான். ஜினானிலிருந்து வந்திருந்த இருபத்திரண்டு ஓய்வு பெற்ற பெரியவர்களும் வயிறு நிறைய நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கைடம்மா, கிளம்பலாமா?" என்று, பின்னால் குரூப் போட்டோ பேனர் உறையோடு தொங்கிய முதல் இருக்கையிலிருந்து பான் வாத்தியார் கேட்டார். எழுபத்து மூன்று வயது, ரசாயனப் பாடம் நடத்தியவர், பயணம் தொடங்கியதிலிருந்து எதிலும் திருப்தி இல்லாதவர்.

"ஒரு நிமிஷம் ஐயா."

"உன் ஒரு நிமிஷம் எனக்குத் தெரியும். நேத்து கோட்டைச் சுவர்ல சொன்ன ஒரு நிமிஷம் முப்பது நிமிஷம் ஆச்சு."

வென்யாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறாள். இந்த வருடம் மட்டும் அவள் மேல் இரண்டு புகார்கள். ஒன்று ஓட்டல் தலையணை கனமாக இருந்ததற்கு. இன்னொன்று லுவோயாங்கில் மழை பெய்ததற்கு! மூன்றாவது வந்தால் வழிகாட்டி உரிமத்தை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்று கம்பெனி எழுதியே கொடுத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் அவள் அம்மா சொல்லும் காரணம் ஒன்றுதான். இது பன்றி வருடம். வென்யா பிறந்ததும் பன்றி வருடத்தில். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை தன் விலங்கின் வருடம் திரும்பி வரும்போது ஆளைப் படுத்தாமல் விடாது. தினமும் உடம்பில் சிவப்பு இருந்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். அம்மா ஊரிலிருந்து சிவப்புக் காலுறைகளாக அனுப்பிக்கொண்டே இருந்தாள். வென்யா அவற்றைத் தவறாமல் போட்டுக்கொண்டாள், ஒரு பலனும் இல்லை.

1.35. பஸ்ஸின் ஓட்டுநர் ஹூவை அவள் ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"ஹூ அண்ணே, நாங்க சாப்பிடறப்ப பஸ்ஸைப் பூட்டினீங்களா?"

"பூட்டாம? கதவுப் பக்கத்துலயே நின்னு சிகரெட் பிடிச்சுட்டிருந்தேன்."

"யாருக்காச்சும் திறந்தீங்களா?"

"மூணு பேருக்கு. பன்னெண்டு முப்பத்தஞ்சுக்கு வாத்தியார் வந்தாரு, டீக் குடுவையை எடுத்துட்டுப் போனாரு. அப்புறம் யுஃபென் அக்கா, உனக்கு சாக்ஸ் எடுக்கன்னு சொன்னாங்க. கடைசியா லுவோ அண்ணன். மெத்து மெத்துன்னு ஒரு ஜாக்கெட்டைக் கையில சுருட்டிட்டு இறங்கினாரு."

சாக்ஸ் கதை வேறு. சாப்பாட்டு மேசையில் யாரோ கிண்ணத்தைத் தள்ளப்போய் சூப்பு முழுக்க வென்யாவின் காலில் கொட்டிவிட்டது. யுஃபென்தான் பதறிப் போய் எழுந்தாள். "ஐயோ, இந்த வருஷத்துல சிவப்பு இல்லாம ஒரு அடிகூட எடுத்து வைக்காதம்மா! பிரிக்காத ஜோடி என் பையில இருக்கு, இரு" என்று ஓடிப்போய்க் கொண்டுவந்தாள். கொஞ்சம் இறுக்கம்தான். ஆனால் மூன்று நாளில் அந்தக் குழுவில் வென்யாவிடம் ஒரு நல்ல வார்த்தை பேசியவள் யுஃபென் மட்டும்தான்.

மெல்லிய உடல்வாகு, கறுப்பாகச் சாயமிட்ட சுருள் முடி, படம் எடுப்பதற்காகவே ஏழு நிறத்தில் பட்டுச் சால்வைகள். எட்டு மாதத்துக்கு முன் பூங்காவில் நடனமாடும் இடத்தில் லுவோவைச் சந்தித்தவள். அடுத்த வசந்தத்தில் கல்யாணம். லுவோ மனைவியை இழந்தவர், பாய்லர் தொழிலாளியாக இருந்தவர், அதிகம் பேசாதவர். முதல் நாள் பஸ்ஸில் மைக்கைக் கொடுத்தபோது மட்டும், "நான் பாம்பு வருஷம், அறுபத்தாறு. இவ குதிரை வருஷம், அறுபத்தஞ்சு. ஒரு வயசு சின்னவ" என்று சொல்லிவிட்டுக் காதுவரை சிவந்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

2.10. வளாகக் காவல் அறையிலிருந்து காவல் அதிகாரி ரென் வந்தார். தேநீர்க் குடுவையோடு வந்தார், அவசரமே படவில்லை.

"பையைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"காலையில ஒன்பது பத்துக்கு. பெட்டியில வெச்சுட்டு மைக்ல அறிவிச்சேன்."

"என்னன்னு?"

"சாப்பிட்டதுக்கு அப்புறம் அட்டையைப் பார்த்துப் பேர் வாசிப்பேன், எழுபது தாண்டினவங்களுக்கு வரிசை கிடையாது, துணைக்கு ஒருத்தரோட பக்க வாசல்ல போகலாம்னு."

"ஆக, பை எங்க இருக்குன்னு பஸ்ஸுக்கே தெரியும்" என்றார் ரென். "நல்லா பத்திரப்படுத்தியிருக்கீங்க."

பான் வாத்தியார் புகார் எழுத ஏற்கெனவே பேனாவைத் திறந்திருந்தார்.

விசாரணை பஸ் படிக்கட்டில் நடந்தது.

"நீங்க எதுக்குப் போனீங்க, வாத்தியாரே?"

"டீக் குடுவைக்கு."

"எவ்ளோ நேரம் உள்ள இருந்தீங்க?"

"ஒரு நிமிஷம். இந்த மொத்த டூர்லயும் எனக்கு நிம்மதியா கிடைச்சது அந்த ஒரு நிமிஷம்தான்."

"வழிகாட்டி மேல உங்களுக்குக் கோபமா?"

"கோபம் இருந்தா எழுதுவேன். திருட மாட்டேன். இதோ எழுதிட்டுத்தான் இருக்கேன்."

அடுத்தது லுவோ.

"வெயில் காயற நேரத்துல ஜாக்கெட் எதுக்கு?"

"அவளுக்கு. கடையில ஏசி குளிரா இருந்துச்சு."

"அவங்க கேட்டாங்களா?"

"கேக்கல. தோளைத் தேச்சுட்டிருந்தா, பார்த்தேன்."

யுஃபென் நேராகவே பதில் சொன்னாள். "கைடுப் பொண்ணுக்கு சாக்ஸ் எடுத்தேன். கையில சாக்ஸ் மட்டும்தான் இருந்துச்சு, டிரைவரைக் கேளுங்க." ஹூ தலையாட்டினான். அவள் போட்டிருந்த சட்டைக்குப் பையே கிடையாது. ரென் அவளை அதற்கு மேல் கேட்கவில்லை.

2.50. இருபத்திரண்டு கைப்பைகளையும் திறந்தாயிற்று. இருக்கைகளுக்கு அடியில், சாமான் தட்டில், குப்பைக் கூடையில் தேடியாயிற்று. கிடைத்தது பல்செட் ஒன்று. அதற்கு உரிமை கொண்டாட ஒருவரும் முன்வரவில்லை.

"தற்காலிகச் சான்று எடுத்துடலாம்" என்றார் ரென். "என் அறையில இயந்திரம் இருக்கு. முகத்தைப் பார்த்து பேர், பிறந்த தேதி எல்லாத்தையும் அடிச்சுக் கொடுத்துடும். ஆளுக்குப் பத்து நிமிஷம் ஆகும்."

"எத்தனை இயந்திரம் சார்?"

"ஒண்ணுதான்."

இருபத்திரண்டு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். கடைசி அனுமதி ஐந்து மணி. வென்யாவுக்கு அழலாமா கத்தலாமா என்றிருந்தது.

"எனக்குச் சான்று வேண்டாம்" என்றாள் யுஃபென் அவசரமாக. "முட்டி வலிக்குது. மண் பொம்மையைப் பார்த்து என்ன ஆகப்போகுது, நான் பஸ்லயே இருக்கேன்."

"ஏழு சால்வை கொண்டுவந்துட்டு இப்ப முட்டியா?" என்று பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாள். பஸ் சிரித்தது. யுஃபென் சிரிக்கவில்லை.

3.15. ரென் குடுவையை மூடினார். "கடைசியா ஏறினது லுவோ. பையை மறைக்கிற மாதிரி ஜாக்கெட் வெச்சிருந்ததும் அவர்தான். எங்கூட வரட்டும், அறையில உட்கார்ந்து பேசறேன்."

லுவோ எழுந்து, ஜாக்கெட்டை யுஃபென் மடியில் வைத்துவிட்டு இறங்கினார். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

வென்யா பஸ்ஸுக்குப் பின்னால் போய் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தாள். லுவோ திருடன் என்றால் தான் பச்சை முட்டாள் என்று நினைத்தாள். அந்த அட்டைகளால் அந்த மனிதருக்கு என்ன லாபம்? விற்க முடியாது, பயன்படுத்த முடியாது. இன்று இந்த அட்டைகளால் நடக்கவிருந்தது ஒன்றே ஒன்றுதான். அவள் பெயர் வாசிக்கப் போகிறாள். யார் எழுபது தாண்டியவர் என்று எல்லாருக்கும் தெரியப் போகிறது.

இறுக்கமான காலுறைக்குள் விரல் நுனி இடித்தது. காலுறையைப் பார்த்தாள். அப்புறம் கைப்பேசியை எடுத்து, டிக்கெட் பதிவுக்காக அலுவலகம் அனுப்பிய பட்டியலைத் திறந்தாள். பெயருக்குப் பக்கத்தில் அடையாள எண். அந்த எண்ணுக்குள்ளேயே பிறந்த வருடம் இருக்கும். அது காலையிலிருந்து தன் பையிலேயே கிடந்ததை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

3.30. யுஃபெனை அவள் பஸ்ஸுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, பையை எடுத்தது நீங்கதானே?"

"என்னம்மா சொல்ற? உனக்காக ஓடினேனே!"

"எனக்காகத்தான் ஓடினீங்க. அதனாலதான் உங்களை யாரும் சந்தேகப்படல. ஆனா பிரிக்காத சிவப்பு சாக்ஸ் உங்க பையில எப்படி வந்துச்சு? எனக்கு வாங்கினது இல்ல, என் கால் அளவு உங்களுக்குத் தெரியாது. உங்க கால் அளவு அது. தினமும் போடறவங்கதான் உபரி ஜோடி கொண்டுவருவாங்க. குதிரை வருஷத்துல பொறந்தவங்க பன்றி வருஷத்துல எதுக்கு சிவப்புக்கு இப்படிப் பயப்படணும்?"

யுஃபென் தன் காற்சட்டை விளிம்பைக் கீழே இழுத்துவிட்டாள். ஓரத்தில் சிவப்பு தெரிந்தது.

"உங்க எண்ணைப் பார்த்துட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தேழு. நீங்களும் என்னை மாதிரி பன்றிதான். எழுபத்திரண்டு."

யுஃபென் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "பூங்காவுல முதல் நாள் ஆடறப்ப வயசு கேட்டாரு. வாயில அறுபத்தஞ்சுன்னு வந்துடுச்சு. அப்புறம் அதை எப்படித் திருப்பி எடுக்கறது? என் அட்டையை மட்டும் உருவிட்டா நான்தான்னு தெரிஞ்சுடும். அதான் பையோட..."

"எங்கிட்ட காதுல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! உங்க பேரை வாசிச்சே இருக்க மாட்டேனே!"

"நீ எதுக்கெடுத்தாலும் மைக்ல பேசறவ. பயமா இருந்துச்சு."

வென்யாவுக்கு இந்தப் பதில் சுருக்கென்று தைத்தது. "கையில எதுவும் இல்லாம இறங்கினீங்க. அப்போ பை பஸ்லதான் இருக்கு. நாங்க தொடாத சாமான் ஒண்ணே ஒண்ணுதான். குரூப் போட்டோ பேனர். உள்ள போனப்புறம்தான் அதைப் பிரிப்போம்னு எவனும் உறையைக் கழட்டல. சரியா?"

யுஃபென் தலையை ஆட்டினாள். "நீங்க உள்ள போய் போட்டோவுக்கு விரிக்கறப்ப கிடைச்சுடும்னு நெனச்சேன்."

"அட்டை இல்லாம எப்படி அக்கா உள்ள போவோம்?"

"அது எனக்குத் தோணல."

கோபத்தில் வென்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு முடிந்ததும் கோபம் திரும்பி வந்தது. "அங்க அந்த மனுஷன் உங்களுக்காகக் காவல் அறையில உட்கார்ந்திருக்காரு. வாத்தியார் ரெண்டாவது பக்கத்துல எழுதிட்டிருக்காரு, அது போனா என் வேலையே போயிடும். அஞ்சு நிமிஷம் தர்றேன். நான் சொன்னா அது திருட்டு. நீங்க சொன்னா வெறும் வயசு."

3.40. யுஃபென் பஸ்ஸில் ஏறினாள். முன்வரிசைக்குப் பின்னால் மாட்டியிருந்த பேனரின் உறையைக் கழற்றி விரித்தாள். "ஜினான் நண்பர்களின் இனிய பயணம்" என்ற எழுத்துகளுக்கு நடுவிலிருந்து நீலப் பை தொப்பென்று விழுந்தது. மைக்கை அவளே எடுத்தாள்.

"நான்தான் ஒளிச்சேன். பேரோட வயசையும் வாசிச்சுடுவாங்கன்னு பயந்து. எனக்கு எழுபத்திரண்டு வயசு."

பஸ்ஸில் விசிறிகள்கூட நின்றுவிட்டன. ரென்னும் லுவோவும் திறந்த கதவருகில் நின்றிருந்தார்கள். வென்யாதான் ஓடிப்போய் அழைத்து வந்திருந்தாள். ரென் அட்டைகளை எண்ணினார். "இருபத்திரண்டு. தொலைஞ்சது, கிடைச்சது. எனக்கு இதுக்கு மேல வேலை இல்ல" என்று நோட்டை மூடிவிட்டுப் போனார். லுவோ யாரையும் பார்க்காமல் போய்ப் பொது வரிசையில் நின்றுகொண்டார்.

பான் வாத்தியார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். "திருட்டுங்கற வார்த்தையை அடிச்சுட்டேன். ஆனா ரெண்டரை மணி நேரத் தாமதம் தாமதம்தான். அதுக்குக் காரணம்னு யார் பேரை எழுதறது?"

வென்யா வாயைத் திறப்பதற்குள் யுஃபென் முந்திக்கொண்டாள். "என் பேரை எழுதுங்க வாத்தியாரே. வயசையும் சேர்த்தே எழுதுங்க."

வாத்தியார் பேனாவை மூடிச் சட்டையில் செருகினார். "எழுபத்து மூணு நான். பக்க வாசல்ல நான்தான் முதல்ல போவேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

4.05. வாத்தியார் உள்ளே போய்விட்டார். பக்க வாசலில் யுஃபென் மட்டும் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சால்வைப் பை தோளில் கனத்தது.

"துணைக்கு ஒருத்தர் வரலாம்" என்றான் வாசல் காவலாளி. "யாரும் இல்லையா?"

"இல்ல" என்றாள் அவள்.

பொது வரிசையிலிருந்து லுவோ விலகி வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. அவள் தோளிலிருந்த பையை வெடுக்கென்று வாங்கிக்கொண்டார். காவலாளி பதிவேட்டைத் திருப்பினான்.

"என்ன உறவு?"

"அதை உள்ள போயிட்டு வந்துதான் சொல்லணும்" என்றார் லுவோ. "இப்போதைக்குப் பை தூக்கறவன்னு எழுதிக்க."

காவலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தான்.