பாலத்தின் பாதி வரை

பிணத்தின் சட்டைப் பையில் போன் ஒலித்தது.

பொனோலோ ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தாள்.

பக்கத்து இருக்கையில் அவள் தம்பி தீரோ. தொப்பி மூக்கு வரை இறங்கியிருந்தது. போர்வை கழுத்து வரை ஏறியிருந்தது. பார்த்தால், பயணக் களைப்பில் தூங்குகிறான் என்றுதான் தோன்றும்.

அவன் இறந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது!

எதிரே தடுப்புக் கட்டை. அதற்கு அப்பால், சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்த லிம்போபோ ஆறு. அதன் மேல் கைப்பிடிச் சுவர் இல்லாத தாழ்வான பாலம். மறுகரையில் போட்ஸ்வானா... அவள் ஊர்.

தென்னாப்பிரிக்க அதிகாரி இரண்டு பாஸ்போர்ட்டுகளோடு காரை நோக்கி வந்தான்.

"ரெண்டு பாஸ்போர்ட் குடுத்தீங்க. ஆபீசுக்கு ஒரு முகம்தான் வந்துச்சு. இன்னொண்ணு எங்கம்மா?"

"இதோ... என் தம்பி சார். உடம்பு சரியில்ல. தூங்கறான்."

"எழுப்புங்க. முகத்தைப் பார்க்கணும்."

"எழுப்பினா உங்க மேலயே வாந்தி எடுப்பான் சார். காலையில இருந்து மேலயும் கீழயும் நிக்காம போகுது!"

அதிகாரி இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

போன் நிற்கவில்லை.

"இந்த அடி அடிக்குது. எடுக்க மாட்டாரா?"

"அவன் பொண்டாட்டி சார். நல்லா இருக்கும்போதே எடுக்க மாட்டான்!"

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தான். "அந்த வியாதி எனக்கும் இருக்கு!"

கார் பானெட் மேலேயே பாஸ்போர்ட்டுகளை வைத்து, டப்... டப்... என்று முத்திரை குத்தினான்.

"சீக்கிரம் போங்க. நாலு மணிக்கு அந்தப் பக்கம் கேட்டை மூடிடுவாங்க."

பொனோலோவும் கூடவே சிரித்திருந்தாள். கட்டை உயர்ந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டு காரை நகர்த்தினாள்.

பள்ளிச் சீருடை தைத்துப் பிழைப்பவள் அவள். தம்பியைப் பார்த்து நாலு நாள் இருந்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். தீரோவுக்கு வனவிலங்குப் பண்ணையில் தடம் பார்க்கும் வேலை. எந்த மிருகம் எந்தப் பக்கம் போனது என்று மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவான்.

இன்று மதியம் அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வேலியோரமாக வந்தான்.

நடந்து அல்ல... தவழ்ந்து! முதுகெல்லாம் ரத்தம்.

"யாருடா? யாருடா பண்ணினது?"

"மஷூடு... காண்டாமிருகக் கொம்பை அறுக்கறதே அவன்தான்க்கா. பார்த்துட்டேன்..."

மஷூடு அந்தப் பண்ணையின் காவல் தலைவன்!

"வா, போலீசுக்குப் போலாம்!"

"வேணாம்... இங்க இருக்கற போலீசு அவன் தட்டுல சாப்பிடறவங்க. திருடன் சுட்டான்னு எழுதி மூடிடுவாங்க. குண்டு உள்ளயே இருக்குக்கா... நம்ம ஊருக்குக் கொண்டு போ..."

காரில் ஏற்றினாள். புழுதிச் சாலையில் விரட்டினாள்.

"அக்கா... குளிருது" என்றான்.

வெளியே நாற்பது டிகிரி வெயில்.

அதுதான் கடைசி வார்த்தை.

அவள் அழவில்லை. நேரம் இல்லை. தொப்பியை இறக்கி, போர்வையை ஏற்றி, ஓட்டிக்கொண்டே இருந்தாள்.

பாலத்தின் நடுவே வந்தபோது போன் மறுபடியும் ஒலித்தது. தம்பியின் பையிலிருந்து எடுத்தாள். திரையில் மஷூடு பெயர்!

"ஹலோ..."

"யாரு, அக்காவா?" எதிர்முனையில் மெல்லிய சிரிப்பு. "அப்ப தம்பி போயிட்டான். உயிரோட இருந்தா போனை அவனே எடுத்திருப்பான்."

"பாவி! அவன் எல்லாத்தையும் சொல்லிட்டான்!"

"சொல்லட்டும். வண்டியைத் திருப்பு. பத்து நிமிஷத்துல ஆத்தங்கரையில இருப்பேன். பாடியை என்கிட்ட குடுத்துட்டு, நீ பாட்டுக்கு ஊருக்குப் போய்த் துணி தை."

"பாதி பாலம் தாண்டிட்டேன்டா! இனிமே உன்னால ஒண்ணும் புடுங்க முடியாது!"

"தாண்டேன். அந்தப் பக்கம் கேட்ல யாரு தெரியுமா? செதுன்யாம்மா. மாசா மாசம் என் பண்ணை மான் கறி அந்தம்மாவுக்குப் போகுது. போய்ப் பாரு!"

இணைப்பு அறுந்தது.

 முன்னால் போனால் அவன் ஆள். பின்னால் போனால் அவனே!

முன்னால்தான் போனாள்.

போட்ஸ்வானா பக்கம் ஒரு தகரக் கூரை ஆபீஸ், ஒரு தண்ணீர் தொட்டி, ஒரு கட்டை. வேறு ஜீவன் கண்ணில் படவில்லை. கையில் பாதி தின்ற எண்ணெய்ப் பணியாரத்தோடு வெளியே வந்தாள் செதுன்யா. ஐம்பது வயசு. சீருடைக்குள் அடங்காத தோள்கள்.

"டுமேலா, தங்கச்சி" என்று வணக்கம் சொன்னாள். "பக்கத்துல யாரு?"

"தம்பிங்கம்மா. உடம்பு சரியில்லாம தூங்கறான்."

செதுன்யா ஜன்னல் அருகே குனிந்தாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்ல தூக்கம்தான். உதட்டு மேல மூணு ஈ உட்கார்ந்திருக்கு. ஒண்ணைக்கூட விரட்டாத தூக்கம்!"

பொனோலோ உடைந்தாள். தவழ்ந்து வந்தது, குண்டு, கொம்பு, மஷூடு... எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"என் தம்பியை அறுத்துப் பாருங்கம்மா! குண்டு உள்ளதான் இருக்கு! அவனை மட்டும் திருப்பி அனுப்பிடாதீங்க!"

செதுன்யாவின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பணியாரத்தின் மீதியை வாயில் போட்டு மென்றாள். கையை நீட்டினாள்.

"அந்தப் போனைக் குடு."

வாங்கினாள். மஷூடுவின் எண்ணைத் தட்டினாள்.

"மஷூடு தம்பியா? செதுன்யா பேசறேன். உங்க சாமான் ஒண்ணு என் கேட்ல வந்து நிக்குது... ஆமா, அக்காவும்தான்... எனக்கு எதுக்குப்பா இந்த வம்பு? நாலு மணிக்குள்ள வந்து எடுத்துட்டுப் போயிடுங்க. ஸ்டாம்ப்பா? பழைய ஆளுக்குள்ள என்ன ஸ்டாம்ப்பு? அந்தப் பக்கத்து ஆள்கிட்ட நான் பேசிக்கறேன். நேரா வாங்க!"

"அடிப்பாவி...!" பொனோலோ அலறினாள். "நீயும் ஒரு பொம்பளையா?"

செதுன்யா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துப்போய் ஆபீசின் பின்னறையில் தள்ளினாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

பொனோலோ கதவை உதைத்தாள். கத்தினாள். கடைசியில் கம்பி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெயிலில் அவள் கார். அதற்குள் தீரோ தனியாக...

'உன்னை நானே அவன்கிட்ட கொண்டுவந்து சேர்த்துட்டேனேடா!'

பத்தே நிமிஷம். பாலத்தில் புழுதி கிளம்பியது. பச்சை நிற ஜீப் ஒன்று பாய்ந்து வந்து, உயர்ந்திருந்த கட்டையைத் தாண்டி நின்றது.

மஷூடு இறங்கினான். வெள்ளைச் சட்டை. பளிச்சென்ற பல்.

"அம்மான்னா அம்மாதான்! எங்க அந்த நாய்?"

"வண்டியில. அவன் அக்கா ஒரே ஆர்ப்பாட்டம். நீங்க முதுகுல சுட்டீங்களாம்!"

"திரும்பி ஓடினா முதுகுலதானே சுட முடியும்?" அவன் சிரித்தான். "கொம்பைப் பார்த்தவன் வாயைத் திறந்தா என் பொழப்பு என்னாகறது?"

ஜன்னல் கம்பியில் பொனோலோவின் நகம் உடைந்தது.

"ஒரே குண்டா?"

"ஒரே குண்டு!"

"அப்படிப்பட்ட துப்பாக்கியை நான் பார்க்கணுமே தம்பி."

"சீட்டுக்குப் பின்னால கிடக்கு. பாருங்க, பாருங்க!"

செதுன்யா ஜீப் கதவைத் திறந்து, கைக்குட்டையால் பிடித்து, துப்பாக்கியை நிதானமாக வெளியே எடுத்தாள்.

தடால்!

மஷூடு திரும்பினான். அவன் வந்த வழியில் கட்டை இறங்கியிருந்தது. தண்ணீர் தொட்டிக்குப் பின்னாலிருந்து, கேட் காவலுக்கு இருந்த இரண்டு போலீஸ்காரர்கள் துப்பாக்கியை நீட்டியபடி வந்தார்கள்!

"அம்மா... என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல தம்பி, எல்லை. பாலத்தோட நடுவுல ஒரு கோடு இருக்கு. அந்தப் பக்கம் நீங்க ராஜா. உங்களை எப்படி இந்தப் பக்கம் இழுக்கறதுன்னு மண்டையைப் போட்டு உடைச்சேன். நீங்களே சொந்த டீசல்ல வந்துட்டீங்க!"

"நீ என் கறியைத் தின்னவ!"

"தின்னேனா? கோமாரி நோய்க்காக இந்த கேட்ல பச்சைக் கறிக்கு அனுமதியே இல்ல. மாசா மாசம் பின்னால குழியில போட்டு எரிச்சேன். வாசனை மட்டும் பிரமாதம், அதை ஒத்துக்கறேன்."

மஷூடு ஓடப் பார்த்தான். நான்கு கைகள் அவனை மண்ணில் அமுக்கின.

"சொல்லாம துப்பாக்கியோட உள்ள வந்ததுக்கே உங்களை இங்க வைக்கலாம். கொலைக் கேசுக்கு ரெண்டு அரசாங்கமும் மெதுவா பேசட்டும். நீங்க சொன்னதை மூணு பேரு கேட்டாச்சு."

"நாலு பேரு!" ஜன்னலிலிருந்து பொனோலோ கத்தினாள்.

செதுன்யா வந்து தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"மன்னிச்சுக்க தங்கச்சி. உன்கிட்ட சொல்லிட்டு அடைச்சிருக்கணும். நீ கத்தினது அவன் காதுல நிஜமா விழணும்னு விட்டுட்டேன்."

பொனோலோ வெளியே வந்தாள். நேரே காருக்குப் போனாள். கதவைத் திறந்து, தம்பியின் உதட்டிலிருந்த ஈக்களைக் கையால் விரட்டினாள். தொப்பியை எடுத்தாள். நெற்றியில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"வந்துட்டோம்டா" என்றாள்.

அப்புறம்தான் அழுதாள். பாலத்துக்கு இந்தப் பக்கம், மோட்டார் அணைந்த அந்தக் காருக்குள், மூச்சு முட்ட அழுதாள்.

ஆபீஸ் வாசலில் கைவிலங்கோடு நின்ற மஷூடுவின் எதிரே செதுன்யா மேஜையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நாட்டுக்குள் வருகிறவர்கள் நிரப்பும் படிவம் ஒன்றை உருவினாள். பெயர், ஊர் என வரிசையாகத் தானே எழுதிக்கொண்டு வந்தவள், ஒரு கட்டத்தில் பேனாவைத் தூக்கிப் பிடித்தாள்.

"எங்க நாட்டுல எத்தனை நாள் தங்கறதா உத்தேசம், தம்பி?"

அவன் பல்லைக் கடித்தான்.

"சரி விடுங்க... காலியாவே இருக்கட்டும். ஜட்ஜ் நிரப்பிக்குவார்!"