புதுப் பல் முளைப்பதற்குள்

முன்பல் விழுந்த அன்றைக்கே அப்பாவிடம் போனில் சொல்லியாகிவிட்டது. அவள் பேசியதில் பாதி வெறும் காற்றாக வந்தது. அந்தப் பக்கம் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அடியே பொக்கை! நான் பாக்காம புதுப் பல் முளைக்கக் கூடாது. சொல்லிட்டேன்!"

அன்றிலிருந்து அவள் பெயரே பொக்கை என்று ஆகிவிட்டது.

அப்பா லாரி ஓட்டுபவர். பெரிய லாரிகளை ஊருக்குள் விடமாட்டார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஊரைத் தாண்டும்போது, நெடுஞ்சாலை டீக்கடையில் ஒரு டீ குடிக்கிற நேரம் நிற்பார். அவ்வளவுதான். சரக்கு தாமதமானால் லாரிச் சாவி வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை அம்மாவின் தையல் வேலை முடியவே இல்லை. அதனால் போகவில்லை. அடுத்த தடவை முடித்துவிட்டு ஓடினார்கள். தூரத்தில் லாரியின் பின்விளக்குகள் இரண்டு சிவப்புப் புள்ளிகளாகப் போய்க்கொண்டிருந்தன. டீக்கடை பெஞ்சில் ஒரு காலி டம்ளர் இருந்தது. பொக்கை அதைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது.

இன்று மறுபடியும் சனிக்கிழமை. காலையில் எழுந்ததும் நாக்கால் ஓட்டையைத் தடவினாள். ஏதோ சொரசொரப்பாகத் தட்டுப்பட்டது. பகீரென்றது. புதுப் பல்!

"இப்போ வராதே. உள்ளே போ," என்று நாக்கால் அழுத்தினாள். பல் யார் பேச்சைக் கேட்கும்?

அம்மாவுக்கு முன்னால் மலைபோலச் சட்டைகள் கிடந்தன. தையல் பட்டறையிலிருந்து வந்த மூட்டை. ஒவ்வொரு சட்டைக்கும் மெஷினில் காலர் தைக்க வேண்டும். பிறகு கையால் பட்டன் வைக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் வண்டிக்காரர் மூட்டையை எடுக்க வருவார். முடியவில்லை என்றால் அடுத்த வாரம் வேலை கிடையாது.

"அம்மா, இன்னைக்காவது போவோமா?"

"முடிச்சா போவோம்."

"நான் மட்டும் போயிட்டு வரட்டுமா?"

"அந்த ரோட்டைத் தனியா தாண்டுவியா? பேசாம இரு."

பொக்கை ஊசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு பட்டனை வைத்தாள். பெருமையாக எழுந்தாள். சட்டையும் கூடவே எழுந்தது. தன் கவுனோடு சேர்த்துத் தைத்திருந்தாள்.

"உதவி பண்ணினது போதும் தாயே," என்று அம்மா நூலைப் பிரித்துவிட்டாள். "போய்த் தண்ணி பிடி."

குழாய் சந்துக்கு நடுவில் இருந்தது. தண்ணீர் நூல்போலத்தான் வரும். குடம் நிரம்பும்வரை வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. இந்தப் பக்கம் அவர்கள் வீட்டு வாசல். அந்தப் பக்கம் எதிர்வீட்டு அத்தையின் வாசல். அத்தைக்கும் அதே பட்டறை, அதே அளவு மூட்டை. தெருப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் நத்தை அத்தை.

அத்தை மெஷினை மிதித்தால் சக்கரம் பின்பக்கமாக ஓடும். நூல் அறும். தைத்த காலர் கோணும். பிரிப்பார், மறுபடி தைப்பார். ஆனால் காலரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பட்டனைக் கையில் எடுத்தால், விரல்கள் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அம்மா அளவுக்கு வேகம் இல்லை. ஆனால் மோசமும் இல்லை.

குடம் நிரம்பி வழிந்தது. பொக்கை கவனிக்கவில்லை. இந்த வாசலையும் அந்த வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே ஓடினாள்.

"அம்மா! அத்தையோட காலரை எல்லாம் நீ தைச்சுக் கொடு. உன் பட்டனை எல்லாம் அவங்க வைக்கட்டும்."

அம்மா சிரித்தாள். "நல்ல கதை! காலரும் நான்தான் வேகம், பட்டனும் நான்தான் வேகம். அவங்ககிட்ட மாத்திக்கிட்டா எனக்கு என்ன லாபம்? நனைச்சுச் சுமந்த கதைதான்."

அம்மா மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் சந்து குறுகலானது.

எதிர்வீட்டில் மெஷின் சத்தம் நின்றது. "அம்மா சொல்றது சரிதான் கண்ணு," என்றது அத்தையின் குரல். "என்னால யாருக்கு என்ன ஆகப்போகுது?"

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பொக்கைக்கும் என்னவோ போலிருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அம்மா, அத்தை வேகத்தை விடு. உன் வேகத்தை மட்டும் பாரு. ஒரு சட்டைக்குப் பட்டன் வைக்கிற நேரத்துல நீ எத்தனை காலர் தைப்பே?"

"ரெண்டு."

"அப்போ ஒரு சட்டைக்குப் பட்டன் வச்சா உனக்கு ரெண்டு காலர் போச்சு. சரியா?"

அம்மாவின் கை நின்றது.

பொக்கை வாசலுக்கு வந்து கத்தினாள். "அத்தை! ஒரு காலர் தைக்கிற நேரத்துல நீங்க எத்தனை சட்டைக்குப் பட்டன் வைப்பீங்க?"

"அதுவா? இந்தப் பாழாப்போன மெஷினோட மல்லுக்கட்டுற நேரத்துல ரெண்டு சட்டை முடிஞ்சிடும்."

"பாத்தியா அம்மா! அவங்களுக்கு ஒரு காலரை நீ தைச்சுக் கொடுத்தா, அவங்க உனக்கு ஒரு சட்டைக்குப் பட்டன் வைப்பாங்க. உனக்கு ஒரு காலர் நேரம் மிச்சம். அவங்களுக்கு அதைவிட நிறைய மிச்சம்!"

அம்மா விரல்களை மடக்கி எண்ணினாள். மறுபடி மடக்கினாள். பிறகு எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அக்கா, நான் யோசிக்காம சொல்லிட்டேன். மனசுல வச்சுக்காதீங்க. உங்க காலரை எல்லாம் இங்க அனுப்புறீங்களா?"

"நிஜமாவா?" என்று கேட்ட அத்தை, பதிலுக்குக் காத்திராமல் காலர்களை அள்ளினார். நத்தை என்று அவரைச் சொன்னது யார்?

அதற்குப் பிறகு பொக்கைதான் லாரி. "பாம்! பாம்! சரக்கு வருது, வழி விடுங்க!" காலர் தைக்காத சட்டைகள் அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தன. காலர் தைத்த சட்டைகள் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயின. நடுநடுவே ஊசிகளில் நூல் கோத்து வைத்தாள். அம்மாவின் மெஷின் மூச்சு விடாமல் ஓடியது.

வெயில் சுவரில் ஏறும்போது அம்மா கடைசிக் காலரை முடித்தாள். அத்தையிடம் இன்னும் சில சட்டைகள் இருந்தன.

"கொடுங்க அக்கா, மிச்சத்தை நான் வச்சிடறேன்."

"நீ கிளம்பு. வண்டிக்காரர் வர்றதுக்குள்ள நான் முடிச்சிடுவேன். ரெண்டு மூட்டையையும் நானே கொடுத்துடறேன். அந்த லாரி உனக்காக நிக்காது."

அம்மா முகம் கழுவினாள். தலை வாரினாள். கண்ணாடியைப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை வாரினாள்.

"நேரமாகுதே அம்மா!" என்றாள் பொக்கை.

"வாயை மூடுடி."

"மூடினா அப்பா எப்படிப் பல்லைப் பாப்பார்?"

டீக்கடையில் அப்பா இல்லை. லாரிகள் வந்தன, போயின. ஒவ்வொன்றும் வரும்போது அம்மா கழுத்தை நீட்டுவாள். பிறகு எதுவும் நடக்காததுபோலத் தன் விரல் நுனியைப் பார்ப்பாள். அதில் முழுக்க ஊசிக் குத்து. அம்மாவும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் பொக்கைக்குத் தெரிந்தது. அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருட்டத் தொடங்கியது. ஒரு லாரி வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டியது. கதவு திறந்தது.

"அடியே பொக்கை!"

வழக்கம்போல டீக்கடைக்காரர் டம்ளரைப் பெஞ்சில் வைத்தார். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு போய் லாரியின் முன்விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தினார்.

"ஆ காட்டு. அடப்பாவி, புதுப் பல் எட்டிப் பாக்குதே!"

"துளிதான்பா. மிச்சத்தை நாக்கால பிடிச்சு வச்சிருக்கேன்."

அப்பா சிரித்தார். அம்மா சிரித்தாள். பிறகு காலர், பட்டன், எதிர்வீட்டு அத்தை, கவுனோடு தைத்த சட்டை என்று மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யார் பேசுவது யாருக்குக் கேட்டதோ தெரியவில்லை.

நேரமாகிவிட்டது. அப்பா ஏறினார். பெரிதாக ஒரு பாம்! சிவப்புப் புள்ளிகள் இரண்டும் சிறிதாகி மறையும்வரை இருவரும் நின்றார்கள்.

பெஞ்சில் டம்ளர் இருந்தது. பொக்கை தொட்டுப் பார்த்தாள். ஆறிப் போயிருந்தது. விளிம்புவரை டீ அப்படியே நின்றது. அப்பா ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

பொக்கை ஓட்டை வாயை முழுதாகத் திறந்து சிரித்தாள்.