கோல்கீப்பரின் காது

கரிசல் புயல் பெண்கள் ஹாக்கி அணிக்கு எல்லாம் வாய்த்திருந்தது, ஒரு கோல்கீப்பரைத் தவிர. தண்ணீர் தானே தெளித்துக்கொள்ளும் செயற்கைப் புல்தரை, எந்தக் கோணத்திலும் பந்தை ஏவும் 'எறிவான்' எந்திரம், கோவில்பட்டியின் பாதி ஊர் திரண்டு வரும் ரசிகர் கூட்டம், எல்லாம் இருந்தன. கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கிறவள் மட்டும் ஒரு பருவத்துக்கு மேல் தங்குவதில்லை. மற்றப் பெண்கள் எல்லோரும் சிரித்த முகமாக ஆடும் அணியில் கோல்கீப்பர் மட்டும் ஏன் அழுதுகொண்டே ஊருக்குப் பஸ் ஏறுகிறாள் என்பது மேலாளர் தமயந்திக்கு விளங்கவேயில்லை.

இப்போது செண்பகவல்லியும் பையோடு வந்து அலுவலக வாசலில் நின்றாள்.

"நான் ஊருக்குப் போயிருதேன் மேடம்."

"என்னம்மா இது? ஞாயித்துக்கிழமை ஃபைனல். உன்னை விட்டா வேற கீப்பர் ஏது?"

"கோச் பாண்டியன் சார் இருக்க எடத்துல என்னால நிக்க முடியாது."

"அவர் என்ன பண்ணாரு?"

செண்பகம் சொன்னாள். தமயந்தியின் காதில் விழுந்தது இதுதான்: "பயிற்சியாளர் என் ஆட்டத்தில் உள்ள குறைகளைச் சுட்டிக்காட்டினார். என் தாயாரின் உடல்நிலை பற்றியும் பேசினார்."

"நல்ல விஷயந்தானே?" என்று கேட்டுவிட்டு நிமிர்ந்த தமயந்தி திகைத்துப்போனாள். குரல் முடிந்த பிறகும் அந்தப் பெண்ணின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. கன்னம் முழுக்கக் கண்ணீர்.

தமயந்தியின் கை தன் காதுக்குப் போனது. பட்டாணி அளவில் அங்கே இருந்தது மென்செவி.

அது வந்து எட்டு வருடமாகிறது. பயிற்சியாளர்கள் வீராங்கனைகளைக் கேவலமாகப் பேசுகிறார்கள் என்று நாடெங்கும் புகார்கள் குவிந்தபோது, எந்தப் பயிற்சியாளரை எப்படித் திருத்துவது என்று நிர்வாகங்கள் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு மென்செவியை வாங்கிக் கொடுத்துவிட்டன. பேச்சு செவிப்பறையைத் தொடுவதற்கு முன் அது வாங்கிக்கொள்ளும். வசவையும் இழிசொல்லையும் எடுத்துவிட்டு, சொல்ல வந்த செய்தியை, அது கசப்பானதாக இருந்தால் இனிப்பாக்கி, அதே ஆளின் குரலில் இதமாகச் சொல்லும். புகார்கள் நின்றன. பிறகு அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் அது பரவியது. ஊரில் சண்டைச் சத்தமே இல்லை.

"உன் மென்செவி எங்கே?" என்றாள் தமயந்தி.

"கீப்பர் ஹெல்மெட்டுக்குள்ள பஞ்சு காதை இறுக்கும்லா மேடம். அதோட மென்செவியும் இருந்தா உயிர் போற வலி. எந்த கீப்பரும் போடுறதில்ல. அதனால அவர் பேசுறது எங்களுக்கு மட்டும் அப்படியே கேக்கும். வெளிய வந்து சொன்னா உங்களுக்கு வேற மாதிரி கேக்குது. நான் பொய் சொல்லுதேன்னு எல்லாரும் பாக்காக."

தமயந்தி மென்செவியைக் கழற்றப் போனாள். செண்பகம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"என் வாயால கேட்டா, சின்னப்பிள்ள பெருசாக்கிச் சொல்லுதுன்னு தோணும். ஒரே ஒரு நாள் என் எடத்துல நின்னு பாருங்க."

தமயந்தியும் ஹாக்கி ஆடியவள்தான். ஆனால் முன்கள ஆட்டக்காரி, கோலில் நின்றதே இல்லை. மறுநாள் காலை கால்கவசம், மார்புக் கவசம், முகத்தை மறைக்கும் ஹெல்மெட் எல்லாம் மாட்டிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே போய் நின்றாள். இருவரும் ஏறக்குறைய ஒரே உயரம். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மென்செவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் கையுறையைப் போட்டிருந்தாள்.

எறிவான் முதல் பந்தை ஏவியது. அது அவள் கால்களுக்கு நடுவே புகுந்து பின்பலகையில் மோதியது.

"ஏட்டி எரும!"

சங்கரபாண்டியனின் குரல்தான். எட்டு வருடமாகக் கூட்டங்களில் "வணக்கம் மேடம்" என்று குழையும் அதே குரல்.

"அகட்டிக்கிட்டு நிக்கியே, இது கோலா, மாட்டுத் தொழுவமா? தின்னு தின்னு ஒடம்பை வளத்து வச்சிருக்க, குனிய முடியுதா பாரு! ஆஸ்பத்திரியில கெடக்கிற உங்கம்மா இந்த லட்சணத்தைப் பாத்தான்னா இன்னைக்கே போய்ச் சேந்துருவா. ஆள் அனுப்பிச் சொல்லவாட்டி?"

இரண்டாவது பந்தும் உள்ளே போனது. அந்த வசவைவிட அவளைக் குத்தியது வேறொன்று. அணித்தலைவி கனகலதா சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்துக் கை ஆட்டி, "சார் சொல்லுதது சரிதான் செண்பகம்! காலைச் சேத்து வச்சு நில்லு!" என்றாள். அவளுக்குக் கேட்டது அவ்வளவுதான்.

தமயந்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

சங்கரபாண்டியனின் விசில் வாயிலிருந்து நழுவியது. "மேடம், நீங்களா? நான் கீப்பர்னு நெனச்சுல்லா..."

"கீப்பர்னா பேசலாமா? சார், இந்த நிமிஷத்துல இருந்து நீங்க இடைநீக்கம். விசாரணை முடியிற வரைக்கும் மைதானத்துக்குள்ள வரக்கூடாது."

அவர் முகத்தில் நிம்மதி பரவியது. "ரொம்ப நன்றி மேடம். நானும் கொஞ்ச நாளா ஓய்வு எடுக்கணும்னுதான் இருந்தேன். சாயங்காலம் பயிற்சிக்கு வந்துருதேன்."

தமயந்திக்குப் புரிந்தது. அவர் காதிலும் மென்செவி இருக்கிறது. "அதைக் கழத்துங்க" என்று அவர் காதைச் சுட்டிக் காட்டினாள். அவர் கழற்றியதும் சொன்னதையே மறுபடி சொன்னாள். இந்த முறை அவர் முகம் கறுத்தது.

"ஒரு வார்த்தைதானே மேடம்? ஆட்ட வேகத்துல வாரதுதானே? இந்தப் பிள்ளைகளை என்ன சொன்னாலும் மூஞ்சி வாடுறதில்ல. ஈன்னு இளிச்சிக்கிட்டு சரி சார், சரி சார்ங்குதுக. ஒருத்தி முகமாவது வாடியிருந்தா எனக்கும் உறைச்சிருக்கும்லா?"

"கீப்பர் முகம் ஹெல்மெட்டுக்குள்ள இருந்துச்சு சார். நீங்க சொல்லுதது உண்மையாவே இருக்கலாம். விசாரணையில சொல்லுங்க, கேப்பாக. இப்ப விசிலைக் குடுத்துட்டுப் போங்க."

அணி உரிமையாளர் ரெங்கசாமி போனில் பதறினார்.

"புகாரே வரலியேம்மா! ஃபைனலை வச்சுக்கிட்டு கோச்சை அனுப்புவாகளா?"

"இத்தனை கீப்பர் அழுதுட்டுப் போனாகளே, அது புகார் இல்லியா? நம்ம காதுக்குத்தான் வந்து சேரல."

"சரி, ஃபைனல் முடியட்டும். அப்புறம் கமுக்கமா அனுப்பிருவோம்."

"அந்த ஃபைனல்ல கோல்ல நிக்கப்போறது செண்பகந்தான் சார். அவளை நிக்கச் சொல்லிட்டு அவரையும் எதிர்ல நிறுத்த மாட்டேன்."

"தோத்தா நீங்கதான் பதில் சொல்லணும்."

"சொல்லுதேன்."

அன்று மாலையே பெண்களை உட்காரவைத்து விதியைச் சொன்னாள். மைதானத்துக்குள் இனி மென்செவி கிடையாது. யார் யாரை இழிவாகப் பேசினாலும் முதலில் வெளியே போக வேண்டும், விசாரணை அப்புறம். விசாரிக்கப்போவது அணிக்குச் சம்பந்தமில்லாத மூன்று பேர். அதுவரை சம்பளம் உண்டு, மைதானம் கிடையாது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், எவ்வளவு பெரிய ஆட்டமாக இருந்தாலும் இதுதான்.

பிறகு செண்பகத்தைப் பேசச் சொன்னாள். வெறும் காதுகளோடு கேட்ட பெண்கள் அப்படியே உறைந்துபோனார்கள். கனகலதா மட்டும் எழுந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரலில் கோபம் இருந்தது.

"எங்க வீட்ல என்னை யாரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்ல மேடம். 'மிக நன்றாக முயன்றாய் கனகா'ன்னு சார் சொல்லும்போது எப்படி இருக்கும் தெரியுமா? அதுக்காகத்தான் காலையில எந்திரிச்சு ஓடியாருவேன். அதையும் பிடுங்கிட்டீகளே!"

"அது சார் பேசுனது இல்லம்மா."

"யாரு பேசுனா என்ன? எனக்கு அது வேணும்."

"அப்படி நெசமாவே பேசுற ஆளைத் தேடிக் கொண்டாருதேன். அதுவரைக்கும் பொறுத்துக்கோ" என்றாள் தமயந்தி. கனகலதா போய்ச் செண்பகத்தின் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். செண்பகத்தின் பை மறுபடி விடுதி அறைக்குப் போனது.

வீட்டிலும் தமயந்தி மென்செவியை மாட்டவில்லை. இரவுச் சாப்பாட்டில் அவள் கணவர் முருகவேள் ரசத்தை உறிஞ்சியபடி, "வழக்கம்போல ஒரே உப்பு" என்று முணுமுணுத்தார்.

"வழக்கம்போலன்னா?"

அவர் அவள் காதைப் பார்த்தார், திருதிருவென்று விழித்தார். "தினமும் சொல்லிட்டுத்தான் இருக்கேன் தமா. நீ சந்தோஷமா சிரிப்பே. சரி, உனக்குப் பிடிச்சிருக்கு போலன்னு நானும் பழகிக்கிட்டேன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த வீட்டில் எட்டு வருடத்தில் அவள் காதில் விழுந்த முதல் குறை அது, அவளுக்கு அது கிட்டத்தட்ட கொஞ்சல் போல இருந்தது. இத்தனை வருடம் அந்த உப்பு தன் காதுக்கு வந்து சேராமலே போயிருக்கிறதே என்று மட்டும் படுக்கும்போது தோன்றியது.

ஞாயிறன்று சொந்த மைதானத்தில் இறுதிப் போட்டி. பயிற்சியாளர் இல்லாததால் பயிற்சியாளர் பெஞ்சில் தமயந்தியே உட்கார்ந்தாள். செண்பகம் பாய்ந்து பாய்ந்து தடுத்தாள். ஒரு பந்தை முழங்காலால், இன்னொன்றை விரல் நுனியால். முதல் பாதி முடியும் நேரம், கனகலதா தன் கோல் வட்டத்துக்குள் பந்தைக் கோட்டைவிட்டாள். எதிரணி ஒரு கோல் முன்னிலை பெற்றது. ரெங்கசாமி பார்வையாளர் வரிசையிலிருந்து தமயந்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளைக்குப் பெண்கள் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார்கள்.

"கண்ணு என்னட்டி பிடரியிலயா இருக்கு?" தமயந்தியின் வாய் தானாகத் திறந்தது. "லட்டு மாதிரி பந்தைத் தூக்கிக் குடுத்துட்டு நிக்கிறே! உன்னையெல்லாம் உங்க வீட்ல எவனும் மதிக்காதது சரிதான்!"

கனகலதாவின் முகம் வாடியது. ஒரு முகம் வாடுவது எப்படி இருக்கும் என்பதைத் தமயந்தி மறந்தே போயிருந்தாள். முதலில் கண்கள் தாழ்ந்தன. பிறகு உதடு கோணியது. பிறகு அந்த உயரமான பெண் அரை அடி குறைந்துபோனது போல இருந்தது.

எட்டு வருடமாகத் தன் முன்னால் எத்தனை பேர் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்! அவர்களிடம் தான் என்னென்ன சொல்லியிருப்பாள்? நினைத்துப் பார்த்தாள், ஒன்றும் நினைவில்லை. சொன்னது ஏதும் யாரையும் தொடாததால் அவள் மனத்திலும் நிற்கவில்லை.

செண்பகம் ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"மேடம், நீங்க வெளிய போகணும்."

'ஒரு வார்த்தைதானே' என்பது தமயந்தியின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அது யார் சொன்ன வார்த்தை என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"நீ சொல்லுதது சரிதான்" என்றாள் பிறகு. கனகலதாவைப் பார்த்தாள். "நான் பேசுனது தப்பும்மா. விசாரணையில என்ன சொல்லணுமோ மறைக்காம சொல்லு. இப்ப ரெண்டாவது பாதியை நீதான் பாத்துக்கணும். நீ தலைவி."

ரெங்கசாமி எழுந்து கையை ஆட்டி ஏதோ கத்தினார். தமயந்தி நிற்கவில்லை. வாயிலைத் தாண்டி வெளியே வந்தாள்.

கம்பி வேலிக்கு வெளியே டீக்கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்து, கம்பியின் ஓட்டை வழியாக ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார் சங்கரபாண்டியன். காதில் ஒன்றும் இல்லை. அவளைக் கண்டதும் எழுந்தார்.

"என்ன மேடம், ஆட்டம் நடக்கும்போது இங்க?"

"அனுப்பிட்டாக."

"யாரு, முதலாளியா?"

"செண்பகம்."

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. பெஞ்சில் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.

"எனக்கு வெள்ளிக்கிழமை விசாரணைன்னு சொன்னீக."

"ஆமா."

"உங்களுக்கு?"

தமயந்தி போனை எடுத்து, விசாரணைக் குழுவில் ஒருவரை அழைத்து, பட்டியலில் முதலாவதாக இன்னொரு பெயரைச் சேர்க்கச் சொன்னாள். யார் பெயர் என்று கேட்டதற்குத் தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். மென்செவி போட்ட காதுக்கு அது எப்படிப் போய்ச் சேருமோ என்ற பயத்தில் மூன்று முறை சொன்னாள்.

"உங்களுக்கு முன்னால என்னைக் கூப்பிடுவாக" என்றாள்.

வேலிக்குள் செண்பகத்தின் குரல் ஓங்கி ஒலித்தது. "கனகாக்கா, எடது பக்கம்! எடது பக்கம்! அக்கா, அருமை! அப்படித்தான்!" அதை எந்த எந்திரமும் தொடவில்லை.

கூட்டம் திடீரென்று ஆர்ப்பரித்தது. எந்தப் பக்கத்துக் கோல் என்று அங்கிருந்து தெரியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் பெஞ்சை விட்டு எழுந்தார்கள். மைதானத்தின் வாயில் அகலத் திறந்துதான் கிடந்தது.

இருவரும் உள்ளே போகவில்லை.