ஐந்தரை மணிப் பூ

அன்று இளவேனிலின் நாற்பத்தைந்தாம் நாள். தூத்துக்குடி பதினேழாம் வார்டுத் தோட்டத்தில் தன்னார்வலர்கள் விடிந்ததுமே வந்து கொடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். வேலிக்கு வெளியே வெயில் ஐம்பது டிகிரியைத் தொடும். உள்ளே, தலைக்கு மேல் நின்ற குளிர்ப்பந்தலின் தயவில் இருபத்தெட்டு. ஊருக்கே அந்த ஒரு பந்தல்தான். வார்டுக்குத் தொண்ணூறு நாள் வந்து நிற்கும். அது வந்தால் இளவேனில், போனால் அடுப்பு.

நடுவில், நாற்பத்தைந்தாம் நாள், ஒரு பூ எண்ணிக்கை உண்டு; பூ இல்லாவிட்டால் பந்தல் அன்றே கிளம்பிவிடும். ஒன்பது மணிக்கு அதிகாரி ரெஹானா எண்ணுந்தும்பியைப் பறக்கவிட்டாள். அந்த ட்ரோன் கொடி கொடியாகச் சுற்றிவிட்டு வந்து பூஜ்யம் என்றது.

“பூவே இல்லக்கா. பன்னெண்டு மணிக்குப் பந்தல் அடுத்த வார்டுக்குப் போயிரும்.”

தோட்டத்தின் பொறுப்பாளர் ஜெசிந்தாவுக்கு வந்த கோபத்தில் பாதி தன் கூட்டத்தின் மேல்தான். பீர்க்கங்காய்த் துவையலுக்கு ஆசைப்பட்டு, கைதூக்கி ஓட்டுப் போட்டு, தோட்டம் முழுக்கப் பீர்க்கையே நட்ட புத்திசாலிகள்! அது பொழுது சாயும்போதுதான் பூக்கும் என்பது அப்போது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

“சாயந்திரம் அஞ்சரைக்கு எண்ணுங்க. அதுவரைக்கும் மொட்டுதான் இருக்கும்.”

“விதிப்படி ஒன்பது மணிதான்.”

“அப்போ நானும் விதிப்படியே செய்யுதேன். மேல ஆள் இருந்தா பந்தல் நகரக் கூடாதுல்லா?”

துறைமுகத்தில் இருபது வருடம் கிரேன் ஓட்டியவள். பந்தல் கம்பத்தில் மளமளவென்று ஏறி உச்சிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். ரெஹானா கெஞ்சினாள், மிரட்டினாள். பன்னிரண்டு மணி போயிற்று. முதுகு விண்விண்ணென்று தெறித்தது. அவள் இறங்கவில்லை.

ஐந்தரைக்குக் கொடியெல்லாம் மஞ்சளாயிற்று. தும்பி மறுபடி பறந்து நானூற்றுப் பன்னிரண்டு என்றது. ரெஹானா சிரித்தேவிட்டாள்; மிச்ச நாளும் பந்தல் இங்கேயே என்று குறித்துக்கொண்டாள். தேனீ அற்றுப்போன ஊர். பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்க ஆளுக்கொரு தூரிகையோடு எல்லாரும் ஓடினார்கள்.

ஜெசிந்தா இறங்கியபோது வாசலில் ஒருவன் நின்றான். அடுத்த வார்டுத் தோட்டத்தின் அந்தோணிமிக்கேல். கையில் கருகிய நாற்றுக் கொத்து.

“பன்னெண்டு மணிக்குப் பந்தல் வரும்னு சேதி வந்துச்சுக்கா. நேரம் வீணாக வேண்டாம்னு முன்னாடியே நட்டுட்டோம். பந்தல் வரல, வெயில்ல அத்தனையும் கருகிப்போச்சு. விதைக்கிடங்குல இந்த வருசத்துக்குத் தந்தது இவ்வளவுதான்.”

அவன் திட்டியிருந்தால் தேவலை. மேலே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் ஒரு தரம்கூட அடுத்த வார்டை அவள் நினைக்கவில்லை.

தோட்டத்துப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள். “யாரும் ஒரு பிஞ்சுகூடப் பறிக்கக் கூடாது. அத்தனையும் முத்தி விதையாகட்டும். பந்தல் அங்க போகும்போது விதையும் கூடப் போவுது.”

“இம்புட்டு நாள் பாடுபட்டது திங்கத்தானக்கா?” என்றது கொடிகளுக்குள்ளிருந்து ஒரு குரல்.

“ஆமா. அவுங்களும் திங்கத்தான் நட்டாங்க.”

கொடிகளுக்குள் தூரிகைகள் மறுபடி நகர்ந்தன. தொட்டு முடிக்க வேண்டிய பூ இன்னும் பாதி இருந்தது.