மூன்றாம் அறையின் வால்வு

"என் வீட்டுக்காரர் ஓடிப்போற ஆளில்ல, தாவ் அண்ணே!" தாவ் வீட்டு வாசலில் நின்றபடியே அழுதாள் யுவேசியா. கப்பல் கட்டும் தளத்தில் பெயின்டர் வேலை பார்ப்பவள்.

புது நீர்மூழ்கியில் சோதனையின்போது தண்ணீர் புகுந்து, அவள் கணவன் சார்ஜென்ட் பாவ்கென் இறந்து இருபது நாள் ஆகிறது. மூன்றாம் அறையில் நின்று வால்வை மூட வேண்டியவன், நான்காம் அறையில் பிணமாகக் கிடந்தான். 'பயந்து ஓடினார்' என்று அறிக்கை எழுதிவிட்டார்கள். படைவீரர் குடும்பம் என்று அவர்கள் கதவில் மாட்டியிருந்த பலகையையும் நேற்றுக் கழற்றிப் போய்விட்டார்கள். பாவிகள், ஆணியைக்கூட விட்டுவைக்கவில்லை.

தாவ் முப்பது வருடம் நீர்மூழ்கி இயந்திரங்களோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவர். வாய் திறக்க யோசிப்பார். அவருக்கும் சேர்த்துப் பேச, அவரோடு பழைய கப்பலில் சமையல்காரராக இருந்த மெங் இருந்தார். தளத்து அதிகாரி பழைய சிநேகம் என்பதால், இருவருக்கும் அரைமணி நேரம் கப்பலுக்குள் போய்ப் பார்க்கவும் காகிதங்களைப் புரட்டவும் அனுமதி கிடைத்தது.

மாலையில் யுவேசியாவின் அடுப்படியில் உட்கார்ந்து தாவ் பேசினார்.

"ஓடுறவன் வெளியே ஏறுற ஏணிப் பக்கம் ஓடுவான். பாவ்கென் கிடந்தது எதிர்ப்பக்கம், கருவி அலமாரிகிட்ட. அலமாரி பூட்டியிருந்துச்சு."

"ஸ்பேனர் மூணாம் அறைச் சுவத்துலதானே தொங்கும்?" என்றார் மெங்.

"பெரிய அதிகாரிங்க பார்வையிட வந்தாங்க. சுவர் சுத்தமா இருக்கணும்னு எல்லாத்தையும் உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. அவன் ஸ்பேனர் எடுக்கத்தான் ஓடியிருக்கான்."

"வால்வைக் கையால திருப்ப முடியலையா? தினம் திருப்பிப் பார்த்ததா பதிவேட்டுல இருக்கே!"

"சமையல் பதிவேட்டுல நீ ருசி பார்க்காமலே கையெழுத்துப் போட்டதில்ல?"

"அடுத்த வாரத்துக்கும் சேர்த்தே போட்டிருக்கேன்," என்று தலைகுனிந்தார் மெங்.

"வருஷத்துக்கு இத்தனை கப்பல்னு இறக்குறாங்க. பழகின ஆளை எங்கே போய் இறக்குறது? உள்ளதே பாவ்கென் மாதிரி நாலு பேர்," என்றார் தாவ். "வால்வுத் தண்டுல பெயின்ட் காய்ஞ்சு இறுகியிருந்துச்சு. அடிச்ச நாள்லேருந்து யாரும் திருப்பல. சக்கரத்துல மட்டும் அவன் கைபட்டு உரிஞ்சிருக்கு. அவன் உள்ளங்கையிலயும் அதே சாம்பல் பெயின்ட்னு டாக்டர் எழுதியிருக்காரு."

யுவேசியா தன் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த அறைக்கு அடிச்சது நான்தான் அண்ணே. தண்டுல படக்கூடாதுன்னு சொன்னேன். 'பளபளன்னு இருக்கணும், அதையும் சேர்த்து அடி'ன்னாரு மேஸ்திரி."

"தெரியும்மா. வேலைப் பட்டியல்ல பார்த்தேன்."

மெங் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மேலிடத்துக்குப் போடுற மனுவுல மேஸ்திரி பேரையும் எழுதுவேன், பதிவேட்டையும் விடமாட்டேன்," என்றார் தாவ். "ஆனா பெயின்டைச் சொல்லாம அவன் மேல விழுந்த பழி போகாது. சொன்னா உன் பேரும் வரும், வேலை போகும். ஊர் உன்னை என்ன சொல்லும்னு யோசிச்சுக்க, தங்கச்சி. வேண்டாம்னா நான் எடுத்த குறிப்பை இப்பவே கிழிச்சுடறேன்."

யுவேசியா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். கண்ணைத் துடைக்கவில்லை.

"எழுதுங்க அண்ணே. அவர் ஓடலங்கறது முதல் வரியில வரட்டும். என்னை எங்க வேணா எழுதிக்குங்க."