அணில் முடி பிரஷ்

மாமனாரின் காரியமெல்லாம் முடிந்து, சனிக்கிழமை காலை தேவயானி ஓவியப் பள்ளியைத் திறந்தாள். பள்ளி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அல்லிநகரத்தில் அவர்கள் குடியிருக்கும் பழைய வீட்டின் முன்கூடம், நாலைந்து கோரைப்பாய்கள், சுவரில் பிள்ளைகள் பரிசு வாங்கிய படங்கள். மாமனார் ராக்கையா ஆரம்பித்தது. இனி அவளும் கணவன் விஜயபாண்டியும்தான் நடத்த வேண்டும்.

கதவைத் திறந்ததும் புகையிலை வாடை அடித்தது. அதற்கு அடியில், பல நாள் திறக்காமல் வைத்திருந்த வாயின் வாடை.

ஜன்னல்களைத் திறந்துவிட்டு, டெட்டால் ஊற்றித் தரையைத் துடைத்தாள்.

உண்மையைச் சொன்னால், உயிரோடு இருந்தபோதே அந்த மனிதரைக் கண்டால் அவளுக்கு அருவருப்புதான். பிரஷ்ஷின் நுனியைக் கூராக்க அதை வாய்க்குள் விட்டு உதட்டால் உருவி எடுப்பார். எந்நேரமும் புகையிலை அதக்கிய வாய். அந்த எச்சிலோடுதான் பிள்ளைகள் போட்ட படத்தில் மூக்கைத் திருத்துவார், கண்ணை எழுதுவார். படம் போட்டியில் பரிசு வாங்கிவிடும். பெற்றவர்களுக்கு அது போதும். "எச்சில் பட்டாத்தான் முடி ஒண்ணு சேரும்த்தா" என்று அவளிடமே சிரித்திருக்கிறார். தன் மகள் பவானியை மட்டும் அவள் அவர் பக்கத்தில் உட்காரவே விட்டதில்லை. ஏழு வயதுப் பிள்ளையின் வாய்க்கு அந்த அசிங்கம் பழகிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம்.

பிள்ளைகள் வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வந்து சாரல் விழுந்தது. கரண்ட் போனது. கூடம் மங்க மங்க, பிள்ளைகள் ஏனோ பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

சப்.

எதையோ உறிஞ்சி உருவுகிற ஈரச் சத்தம்.

தேவயானி சுற்றிலும் பார்த்தாள். எல்லாத் தலைகளும் குனிந்திருந்தன. மூலையில் பவானி அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பவானி, இங்கன வா."

சப்.

அருகில் போனாள். மகளின் வாய்க்குள் பிரஷ் இருந்தது. கண்ணை மூடி, உதட்டைக் குவித்து, ருசித்து ருசித்து அதை உருவிக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த தாளில் ஒரு கிழவரின் முகம். அது ஏழு வயதுக் கை இழுக்கிற கோடே இல்லை. முகம் முழுக்கப் பழுப்பு நிறம். அவள் கலர் தட்டில் நீலம் மட்டும்தான் இருந்தது.

பழுப்பு அவள் கடைவாயிலிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது.

தேவயானி பிரஷ்ஷைப் பிடுங்கினாள். முடி வெதுவெதுப்பாக வழுவழுத்தது. மகளின் உதட்டுக்கும் அதற்கும் நடுவே எச்சில் நூலாக நீண்டது. அறுந்து தொலையவில்லை. கையால் வழித்து அறுத்தாள். அந்தக் கையை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள்.

"இது யாரு பிரஷ்?"

"அப்பாவோடது. சுத்தமான அணில் முடி. இப்ப எங்க கெடைக்குது."

"அவுக கூடவே வச்சு எரிச்சாச்சுன்னு சொன்னீக."

விஜயபாண்டி தலையைச் சொறிந்தான். வரைகிறவர் செத்தால் அவர் பிரஷ்ஷை வாயில் வைத்துத்தான் கொள்ளி போடுவது என்பது அவர்கள் குடும்பத்து முறை. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை என்பதால் அங்கே நடந்ததை அவள் பார்க்கவில்லை.

"வாயில வச்சேன். முகத்த மூடப் போகையில மனசு கேக்கல. நல்ல பிரஷ்ஷு, கருகிப் போகும்ல. உருவிக்கிட்டேன்." அவள் கையிலிருந்த பிரஷ்ஷைப் பார்த்தான். "பல்லு இறுகிப்போச்சு. இழுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு. ஆனா டர்பன்டைன்ல நல்லா அலசித்தான் டப்பாவுல போட்டேன்."

பிணத்தின் பல்லிடுக்கிலிருந்து பிடுங்கியதைக் கொண்டுவந்து பிள்ளைகளின் டப்பாவில் போட்டிருக்கிறான். இந்த மனுசன் பிசைந்து ஊட்டிய சோற்றையா சாப்பிட்டோம் என்று நினைத்தாள். கொல்லைக்குப் போய் பிரஷ் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினாள். மயிர் கருகும் நாற்றம் வந்தது. பிறகு புகையிலை நாற்றம். கட்டை சாம்பலாகும்வரை நின்றாள்.

பிறகு பவானியைக் குழாயடிக்கு இழுத்துவந்தாள்.

"கொப்பளிச்சுத் துப்புடா ஆத்தா."

பவானி வாயைத் திறக்கவில்லை. கன்னம் உப்பியிருந்தது.

தேவயானி அவள் தாடையைப் பிடித்து விரலை உள்ளே விட்டாள். கன்னத்துச் சதையோரம் நறநறவென்று எதுவோ தட்டுப்பட்டது. தோண்டி எடுத்தாள்.

அரிசி.

ஊறி உப்பி, புகையிலைச் சாறு ஏறிய பச்சரிசி.

வாசலில் நின்ற விஜயபாண்டி நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டான். சுடுகாட்டில் அப்பனுக்கு முதல் பிடி வாய்க்கரிசி போட்டவன் அவன்தான்.

"யாரு குடுத்தா?" தேவயானி மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லு ஆத்தா. யாரு குடுத்தா?"

பவானி பழுப்பு எச்சிலை விழுங்கிக்கொண்டு பேசினாள்.

"தாத்தாவால முழுங்க முடியலையாம்மா. அதான் என் வாயில போட்டுக்கிட்டு இருக்காக."

தேவயானி மறுபடி விரலை விட்டாள். மகளின் வாய் மறுபடியும் நிறைந்திருந்தது.